வாசனைச் செலவு

எங்கள் ஷாப்பில் ‘நாத்தம்’ என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது. சொன்னால், அந்த நேரத்தில் அங்கே நிற்கிற அத்தனை பேருக்கும் சொன்னவன் டீ வாங்கித் தர வேண்டும். தோல் பதனிடுகிற இடத்தை ஆம்பூரில் ஷாப்பு என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் ஏதோ சாமான் விற்கிற கடை என்று நினைத்துக்கொள்வார்கள். உள்ளே வந்து பார்த்தால் சுண்ணாம்புக் குழியில் ஊறுகிற மாட்டுத் தோல், ஆவாரம்பட்டைத் தண்ணீர் நிரம்பிய தொட்டிகள், சுரண்டிப் போட்ட மயிரும் சவ்வும். இவற்றுக்கு நடுவில் நின்றுகொண்டு, “இன்னிக்கு வாசன கொஞ்சம் ஜாஸ்தி” என்று பேசிக்கொள்வோம். சோறு போடுகிற இடத்தை அப்படிச் சொல்லலாகாது என்பது காரணமாம். டீக்காகவே எவனோ கட்டிவிட்ட சட்டம் அது என்பது என் எண்ணம். வேலைக்குச் சேர்கிற ஒவ்வொருவனும் முதல் நாளே அதில் மாட்டினான், நானும் மாட்டினேன்.

எங்களுக்குள் இன்னொரு வார்த்தையும் உண்டு. வாசனைச் செலவு. வியாழக்கிழமை சாயங்காலம் கூலி கொடுப்பார்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை. கூலி கைக்கு வந்ததும் இளவட்டங்கள் எல்லாரும் கடைத்தெருவுக்கு ஓடுவோம். சந்தன சோப்பு, தலைக்கு வாசனை எண்ணெய், காதில் செருகிக்கொள்ள அத்தர் தோய்த்த பஞ்சு, சலவைக்குப் போட்ட சட்டை, வாய்க்கு ஏலக்காய் வைத்த வெற்றிலை. மறுநாள் கடைத்தெருவில் நடக்கும்போது ஷாப்புக்காரன் என்று எவனும் மூக்கைச் சுளிக்கக் கூடாது. அதற்கு ஆகிற காசுக்குத்தான் அந்தப் பெயர். கணக்குப் பார்த்தால் வாரக் கூலியில் நல்லதொரு பங்கு அதற்கே போகும். எவன் கணக்குப் பார்த்தான்?

எனக்கு அப்போது இருபது தாண்டியிருந்தது. ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. பையில் சில்லறை இருந்தால் கால் வீட்டில் நிற்காது. டீ குடித்து முடித்தால் பீடி, பீடி முடிந்தால் சோடா, சோடா முடிந்தால் டாக்கி. பேசுகிற படம் வந்த புதிது அது. ஆற்றங்கரைக் கொட்டகையில் ஒரே படத்தை வாரம் முழுக்கப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். பார்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. பாதியில் எழுந்து வெளியே போய் வேர்க்கடலை வாங்குவேன், திரும்பி வந்து கதை புரியாமல் பக்கத்தில் இருக்கிறவனைக் கேட்பேன். அடுத்த வியாழன் வருவதற்கு முன்னாலேயே கை காலியாகிவிடும். அப்புறம் தோஸ்திடம் கைமாற்று.

தோஸ்த் என்றே அவனைக் கூப்பிடுவேன், அவனும் என்னை அப்படியே கூப்பிடுவான். வீட்டில் உருது பேசுகிறவன், எங்களோடு எங்களைப் போலவே தமிழ் பேசுவான். அதே ஷாப்பில் காய்ந்த தோலைத் தரம் பிரிக்கிற வேலை. நானோ சுண்ணாம்புக் குழியில். அதனால் அவனைவிட என் வாசனை எப்போதும் ஒரு படி மேல்.

கல்யாணம் ஆயிற்று. பெண்ணுக்கு ஒடுகத்தூர் பக்கம், மலையடிவாரம். கொஞ்சம் வேர்க்கடலை நிலம் வைத்திருந்த குடும்பம். நான் குடியிருந்ததோ ஷாப்புகள் வரிசையாக நின்ற தெருவில் ஓர் அறை. கழிவுத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் வாசலைத் தொட்டுக்கொண்டு போகும். வந்த அன்று சாயங்காலம் அடுப்பு மூட்டியவள் நிமிர்ந்து பார்த்து, “மாமா, இன்னா நாத்தம் இது?” என்று கேட்டாள்.

“இன்னா நாத்தம்?” என்றேன்.

நான் வேஷம் போடவில்லை. நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. ஷாப்பில் சேர்ந்த சில மாதங்களிலேயே மூக்கு அந்த விஷயத்தில் வேலையை விட்டுவிட்டது. எல்லாருக்கும் அப்படித்தான். அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். அதன்பின் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு சமைப்பாள், சாப்பிடும்போது மட்டும் அவிழ்ப்பாள்.

மசக்கை வந்த பிறகு அதுவும் முடியவில்லை. தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. கழுத்தெலும்பு தெரிகிற அளவுக்கு இளைத்துவிட்டாள். தெருவில் இருந்த பெண்கள் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள், முகர்ந்து பார்த்துவிட்டு அதற்கும் வாந்தி எடுத்தாள். எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்கு நடக்கத் தோன்றும். அவள் வாந்தி எடுக்க எடுக்க நான் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

மாமியார் வந்து பார்த்தார். அதிகம் பேசுகிறவர் இல்லை. மகளின் துணிமணியை மூட்டை கட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: “நான் கோவமா இட்டுக்கினு போறேன்னு நெனைக்காதீங்க மாப்ள. நல்ல காத்து வர்ற எடமா ஒரு வூடு பாருங்க. கொழந்த பொறந்து தல நிக்கட்டும். வூடு இருந்தா அனுப்புறேன். இல்லன்னா நீங்க அங்க வந்துடுங்க, கழனி வேல இருக்குது.”

கழனி வேலையா, எனக்கா? விதை போட்டுவிட்டு முளைக்கிற வரைக்கும் காத்திருக்கப் பொறுமை வேண்டும். நான் குழம்பு கொதிக்கிற வரைக்கும் காத்திருக்க மாட்டேன். ஆனால் மாமியார் சொன்னதன் அர்த்தம் புரிந்தது. வீடு இல்லையென்றால் பெண்டாட்டி இல்லை, பிள்ளையும் இல்லை. பஸ் ஏறும்போது அவள் என்னைப் பார்த்து, “வூடு பாரு மாமா, வர்றேன்” என்றாள். அதோடு போய்விட்டாள்.

வீடு கிடைத்தது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஷாப்புகளை விட்டு வெகுதூரம். ஓர் அறை, ஒரு சமையலறை, பின்னால் கிணறு, ஒரு முருங்கை மரம். மலைக்காற்று நேராக வரும். வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதே வளாகத்தில் முன்பக்கம் குடியிருந்தார். அன்றைக்கு என் காதில் அத்தர் பஞ்சு, உடம்பில் சலவைச் சட்டை. என்னை நாற்காலியில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். எங்கே வேலை என்று கேட்டார், சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “பரவாயில்ல, சுத்தமா இருக்கீங்க” என்றார். மூன்று மாத வாடகை முன்பணம், அதைக் கொடுத்தால்தான் சாவி. சில மாதம் பொறுப்பதாகச் சொன்னவர், பின்னாலேயே தபாலாபீஸ்காரர் ஒருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று ஒரு வார்த்தை போட்டு வைத்தார்.

மறுநாள் தோஸ்திடம் சொன்னேன். காய்ந்த தோலின் மேல் உட்கார்ந்துகொண்டு அவன் சிரித்தான். “நீ மிச்சம் புடிக்கப் போறியா? மொதல்ல என்ன வுட்டுடுபா. ஒனக்கு செலவு வெக்கிறதே நான்தான்.”

பொய்யில்லை. அவனோடு இருந்தால் ஒரு டீ மூன்றாகும். ஆனால் அவனை விட்டுவிட்டு என்ன செய்வது? அதனால் அவனையே கணக்குச் சொல்லச் சொன்னேன். விரலை மடக்கி மடக்கிச் சொன்னான். டீ காலையில் ஒன்று போதும். பீடி வேண்டாம். சோடா பணக்காரன் ஏப்பம் விடக் குடிப்பது. டாக்கியா, பார்த்த படத்தையே பார்ப்பதற்குக் காசு எதற்கு? வெள்ளிக்கிழமை ராத்திரிப் பிரியாணி அவன் வீட்டில் சாப்பிட்டுக்கொள்ளலாம், அவன் அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார். குயவரிடம் ஒரு மண் உண்டியல் வாங்கி வந்து, முதல் காசை அவனே போட்டான். அதை என்னிடமிருந்துதான் வாங்கிப் போட்டான்.

செலவைக் குறைப்பது என்றால் காசை எடுத்து வைப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது அவ்வளவு சுலபமாக இருந்தால் நாட்டில் ஏழையே இருக்க மாட்டான். காசு இருக்கும், நேரத்தை என்ன செய்வது? பீடி இல்லாமல் என் விரல்கள் சட்டைப் பொத்தானைத் திருகின. திருகித் திருகிப் பொத்தான் அறுந்து, அதைத் தைக்க ஊசியும் நூலும் வாங்கினேன். சாயங்கால டீயை விட்ட அன்று தலைவலி. தலைவலிக்கு மருந்து பூசிக்கொண்டேன், அது டீயைவிட விலை அதிகம். கொட்டகைக்குப் போகாமல் இருக்க ஆற்று மணலில் நடந்தேன். நடந்தால் பசித்தது, பசித்தால் வேர்க்கடலை. செருப்பும் தேய்ந்தது. தோல் ஊரில் இருந்துகொண்டு தேய்ந்த செருப்போடு திரிகிறாயே என்று தோஸ்த் கேலி செய்தான்.

ஆனாலும் பிடிவாதமாக நின்றேன். கொட்டகைக்கு வெளியே மணலில் உட்கார்ந்தால் பாட்டு நன்றாகவே கேட்கும். என்னைப் போலக் காசில்லாத கூட்டம் அங்கே நிறைய இருந்தது. கேட்டுக்கொண்டே என்னால் உட்கார முடிந்ததா என்றால், இல்லை. கொட்டகையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே கேட்டேன். வீட்டுக்கு வந்ததும் உண்டியலைக் குலுக்கிப் பார்ப்பேன். சத்தம் குறைந்துகொண்டே வந்தது. உண்டியல் நிரம்புகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இதற்குள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒடுகத்தூர் போய்க்கொண்டிருந்தேன். ஆம்பூரில் ஏறிப் பள்ளிகொண்டாவில் இறங்கி, வேறு பஸ் மாறிப் போக வேண்டும். போக ஒரு பஸ் கூலி, வர ஒரு பஸ் கூலி. வெறும் கையோடு போக முடியுமா? பழம், பூ, மாமியாருக்கு வெற்றிலை. ஒரு வெள்ளி திரும்பி வரும்போது இதை யோசித்தேன். மொத்தச் செலவில் இதுதான் பெரியது. இதை நிறுத்தினால் சீக்கிரமே வீடு கிடைக்கும். வீடு கிடைத்தால் அவளே வந்துவிடுவாள். பிறகு தினமும் பார்க்கலாமே, இப்போது வாரத்துக்கு ஒரு தடவை போய் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்பானேன்? எனக்கே என் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது. ஆம்பூர் சந்தைக்கு வேர்க்கடலை கொண்டுவரும் அவள் ஊர்க்காரர் ஒருவரிடம், “வேல ஜாஸ்தி, கொஞ்ச நாளு வர முடியாதுன்னு சொல்லிடுங்க” என்று சொல்லியனுப்பினேன். வீட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு போய் நின்று அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

அவளைப் பார்க்கப் போகவில்லை என்றான பிறகு வாசனைச் செலவு யாருக்கு? இதுவும் என் மூளை கேட்ட கேள்விதான். சோப்பை விட்டேன். எண்ணெயை விட்டேன். அத்தரை விட்டேன். சட்டையைச் சலவைக்குப் போடாமல் நானே ஆற்றில் அலசி உதறிக்கொண்டேன். மற்றதெல்லாம் விடும்போது உயிர் போயிற்று, இதை விட்டது மட்டும் எனக்குத் தெரியவே இல்லை. ஷாப்பில் ஒருவனும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் தெருவிலும் சொல்லவில்லை. இவ்வளவு நாளும் வீணாகக் கொட்டினேனே என்று வயிறெரிந்தது.

அதோடு ஊரில் எனக்கு மரியாதையும் கூடியது. மளிகைக் கடையில் எத்தனை பேர் நின்றாலும் என்னைத்தான் முதலில் கேட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். கொட்டகைக்கு வெளியே மணலில் எனக்கென்று தாராளமாக இடம் கிடைத்தது. சிக்கனக்காரனை ஊர் மதிக்கிறது என்று தோஸ்திடம் சொன்னேன். அவனும் ஆமாம் என்றான். அவன் மூக்கும் என் மூக்கு மாதிரிதான்.

பெண் குழந்தை பிறந்ததாகச் செய்தி வந்தது. அன்றைக்கு மட்டும் தோஸ்த் என்னைச் சும்மா விடவில்லை. தன் வீட்டு சோப்பைக் கொடுத்துக் குளிக்கச் சொன்னான், தன் வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டான், அத்தர் சீசாவை என் மேல் கவிழ்க்காத குறை. கிளம்பும்போது சீசாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, “ஒரு வருசத்து அத்தர் போச்சு பா” என்று பெருமூச்சு விட்டான். அங்கே போனால் அறை வாசலிலேயே நிறுத்திக் குழந்தையைக் காட்டினார்கள். அவள் என்னைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. பெற்ற களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். உட்காரச் சொன்னார்கள். எனக்கு எங்கே உட்கார வருகிறது? கடைசி பஸ் போய்விடும் என்று ஓடிவந்தேன். இன்னும் கொஞ்சம் காசுதான் பாக்கி இருந்தது, அந்த நினைப்பே என்னைத் தள்ளிக்கொண்டிருந்தது.

உண்டியலை உடைத்த வெள்ளிக்கிழமை நேராக வீட்டுக்காரரிடம் போனேன். இந்தத் தடவை அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. மோரும் இல்லை. வாசற்படியிலேயே நின்று, துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு காசை வாங்கினார். ஜலதோஷம் போலும் என்று நினைத்து, “மிளகு ரசம் வெச்சி சாப்டுங்க” என்று சொல்லிவிட்டும் வந்தேன். பாவம், ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் சாவியோடு தெருவில் இறங்கிவிட்டேன்.

அதே ஊர்க்காரரிடம் வீடு தயார் என்று சொல்லியனுப்பினேன், அவள் வருகிற வரைக்கும் பழைய அறையிலேயே இருந்தேன். குழந்தைக்குத் தலை நின்றதும் மாமியார் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் வேலையில் இருந்த பகல் நேரத்தில் வந்து இறங்கினார்கள். தோஸ்தின் அம்மா போய்க் கதவைத் திறந்துவிட்டார். சாயங்காலம் ஷாப்பிலிருந்து ஏறக்குறைய ஓடினேன். மாமியார் திரும்பிப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தார். “காத்து நல்லா வருது மாப்ள” என்றார். அவர் வாயிலிருந்து வருகிற பெரிய பாராட்டு அதுதான். உடனே முந்தானையால் வாயைத் துடைக்கிற மாதிரி மூக்கைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினார்.

உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கினேன். வீறிட்டு அழுதது. பழக்கம் இல்லை, போகப் போகச் சரியாகும் என்றேன். அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு அங்கும் இங்கும் பார்த்தாள்.

“மாமா, இங்க எதுனா எலி செத்துக் கெடக்குதா?”

“ஏன்?”

“மத்தியானம் நல்லாத்தான் இருந்திச்சி. இப்ப நாத்தம் அடிக்குது.”

வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி, பஸ் கூலியை மிச்சம் பிடித்து வாங்கிய காற்று அது. பரணில் ஏறினேன். பானைகளை நகர்த்தினேன். அடுப்புச் சாம்பலைக் கிளறினேன். சாக்கடையில் குச்சி விட்டுக் குத்தினேன். அவளும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் பின்னாலேயே வந்து தேடினாள். நான் பரணில் இருந்தால், “ஆமா, அங்கதான்” என்றாள். நான் சாக்கடைப் பக்கம் போனால், “இல்ல, இங்கதான் வருது” என்றாள். நாலு பக்கமும் செத்த எலியைப் போட்டு வைத்திருக்கிறானே என்று எனக்கு வீட்டுக்காரர் மேல் ஆத்திரம் பொங்கியது. நேராக முன்பக்கம் போய்க் கதவைத் தட்டினேன்.

“இன்னா சார், வூட்ல ஒரே நாத்தமா இருக்குது. காச மட்டும் வாங்கிக்கினீங்க. இத முன்னாடியே சொல்ல வாணாவா?”

வீட்டுக்காரர் கதவைத் திறந்தவர் இரண்டடி பின்னால் போனார். கையில் அதே துண்டு. அவருக்குக் கோபம் வரவில்லை, சங்கடம்தான் வந்தது. என் முகத்தைப் பார்க்காமல் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நேத்து வரைக்கும் இல்ல தம்பி. நீங்க உள்ள போனப்பறம்தான் வந்திருக்கும்.”

கொஞ்ச நேரம் அந்த வாக்கியம் எனக்கு விளங்கவே இல்லை. பிறகு விளங்கியது. மளிகைக் கடை, கொட்டகை மணல், மிளகு ரசம் எல்லாம் வரிசையாக நின்று விளங்கின. திரும்பினால் எங்கள் வாசலில் அவள் நிற்கிறாள். அவளும் கேட்டுவிட்டாள். வீட்டுக்குள் போக முடியவில்லை, தெருவுக்கும் போக முடியவில்லை. பின்பக்கமாகப் போய்க் கிணற்றடியில் நின்றேன். எங்கே நடப்பது என்று தெரியாமல் கால் நின்ற சமயம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

நாளை மூட்டை கட்டிவிடுவாள் என்று நினைத்தேன். பழைய தெருவிலாவது ஊரே நாறியது, அதில் நான் ஒருவன். இங்கே சுத்தமான காற்றில் நான் ஒருத்தன் மட்டும் தனியாகத் தெரிகிறேன். இதற்கு என்ன முன்பணம் கொடுத்துத் தப்பிப்பது?

குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டு அவள் வந்தாள். முந்தானை மூக்கில் இல்லை. பக்கத்திலேயே வந்து நின்றாள்.

“எப்பலேருந்து சோப்பு போடல?”

“நீ போனதுக்கு அப்பறம். கொஞ்ச நாளு கழிச்சி.”

“சட்ட?”

“ஆத்துல அலசிக்கினேன்.”

“சாப்டியா, அதையும் வுட்டுட்டியா?”

எல்லாவற்றையும் சொன்னேன். டீ, பீடி, டாக்கி, அத்தர். காசு காசாகச் சேர்த்த கதையை. சொல்லச் சொல்லக் கொஞ்சம் தைரியம் வந்தது, இதைக் கேட்டால் மனம் இளகுவாள் என்று. கடைசியில் என் மூளையின் சாமர்த்தியத்தையும் சொன்னேன். “பஸ் கூலிதான் பெருசு. அத நிறுத்துனதாலதான் இவ்ளோ சீக்கிரம் முடிஞ்சிது.”

அவள் வாளியைக் கிணற்றுக்குள் விட்டிருந்தாள். கயிறு கையிலேயே நின்றது.

“அப்ப வேல ஜாஸ்தின்னு சொல்லியனுப்புனது?”

“வூட்டுக்கோசரம்தான். ஒனக்கு சொல்லாம வெச்சி...”

“நான் ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் பஸ் சத்தம் கேட்டா எட்டிப் பாப்பேன்,” என்றாள். குரல் உயரவில்லை. “எங்கம்மா சொல்லிச்சி, நாத்தம்னு சொல்லிட்ட இல்ல, ஆம்பளைக்கு ரோஷம் வந்திருக்கும், இனிமே வர மாட்டான்னு. வயித்துல கொழந்தய வெச்சிக்கினு நானும் அப்படித்தான் நெனச்சிக்கினு கெடந்தேன். ஏன்டா சொன்னோம்னு. நீ இன்னான்னா பஸ் கூலிய உண்டியில போட்டுக்கினு இருந்திருக்க.”

கயிற்றை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன், அவள் கொடுக்கவில்லை.

“எதெதையோ கொறச்ச, சரி. என்ன பாக்க வர்றதயும் செலவுன்னு எழுதிட்ட பாரு,” என்று சொல்லி வாளியை மேலே இழுத்தாள். “நாறிக்கினே வந்திருக்கலாம் இல்ல மாமா. வந்து தூரமா நின்னிருந்தா கூடப் போதும் எனக்கு.”

அழுகிறாளா என்று பார்க்க முடியவில்லை, குனிந்திருந்தாள். நான் அழுதேன். அதை மறைக்க வேண்டியிருக்கவில்லை, அவள் ஒரு வாளித் தண்ணீரைத் தலையோடு கொட்டிவிட்டாள். குழந்தையைக் குளிப்பாட்ட வைத்திருந்த பயத்தமாவை எடுத்து வந்து முதுகில் பூசித் தேய்த்தாள். தேங்காய் நாரால் தேய்த்தாள். கோபம் முழுக்கக் கையில் இருந்தது, தோல் எரிந்தது. சுண்ணாம்புக் குழியில் நாங்கள் மாட்டுத் தோலைச் சுரண்டுகிறபோதுகூட இவ்வளவு அழுத்த மாட்டோம் என்று சொன்னேன். “பேசாத” என்றாள். அவள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை.

வாசனைச் செலவு திரும்பவும் ஆரம்பமாயிற்று. சோப்பு மட்டும். அத்தர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், குழந்தை பிறந்த அன்று அந்த மணத்தோடு வந்து வாசலில் நின்றவனை யாரோ என்று நினைத்தாளாம். ஷாப்பிலிருந்து வந்தால் நேராகக் கிணற்றடி, குளித்த பிறகுதான் உள்ளே. குழந்தையும் பழகிக்கொண்டது. ஷாப்பில் இந்தக் கதையைத் தோஸ்திடம் சொல்லும்போது, வீட்டுக்காரரிடம் போய் நாத்தம் என்று சண்டை போட்டதையும் சொல்லிவிட்டேன். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் டீ வாங்கித் தர வேண்டியதாயிற்று.

பீடி திரும்ப வரவில்லை. டாக்கி எப்போதாவது, இரண்டு பேருமாக. சாயங்கால டீயை வீட்டிலேயே போட்டுக்கொடுத்தாள். இன்று யாராவது இளைஞன் என்னிடம் வந்து, கையில் காசு தங்கவில்லை என்று அங்கலாய்த்தால் இதையெல்லாம் விடச் சொல்கிறேன், தயங்காமல். விட்டால் சாக மாட்டான்.

இரண்டாவது குழந்தைக்கு அவள் தாய்வீடு போனபோது மறுபடி கை இறுக்கம். ஷாப்பில் வேலை பாதியாகக் குறைந்து, கூலியும் குறைந்திருந்த காலம். அப்போதும் ஒரு வெள்ளிக்கிழமை விடாமல் போனேன். சில வாரம் பழம் வாங்கக் காசு இருக்காது, வெறும் கையோடு போனேன். ஒரு வாரம் அவசரச் சரக்கு என்று விடுமுறையிலும் குழியில் இறங்கச் சொன்னார்கள், வேலை முடிந்து குளிக்க நேரமில்லாமல் அப்படியே பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து முன்னால் போனார். இந்தத் தடவை அதை மரியாதை என்று நினைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் நின்றுகொண்டே போனேன், எனக்கு உட்கார வராது. திருப்பத்தில் டிரைவர் ஹாரன் அடித்தார். பஸ் நிற்பதற்கு முன்னாலேயே, அந்த வீட்டு வாசலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது.